நேரத்தோடு இளைப்பாறல் (திருகோணமலை மாவட்டம்)

சேமிப்பின் வருவாயில் வீட்டுச் செலவை ஓட்டக்கூடிய நிலையை எட்டி, சட்டம் குறித்த வயதுக்கு முன்பே வேலையை விடுவது நேரத்தோடு இளைப்பாறல். இலங்கைத் தமிழில் ‘ரிட்டயர்’ ஆவதற்கு இளைப்பாறல் என்றே பெயர்; ‘இளைப்பாறிய அதிபர்’ என்பது கலியாண அழைப்பிதழிலும் வரும், மரண அறிவித்தலிலும் வரும். அமெரிக்காவில் விக்கி ராபின், ஜோ டொமிங்கெஸ் இருவரும் 1992இல் வெளியிட்ட ‘யுவர் மணி ஓர் யுவர் லைஃப்’ நூலைத் தொடர்ந்து இது ஓர் இயக்கமாகவே வளர்ந்தது. திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றிய ஊர்களுக்கு இயக்கம் புதிது, கேள்வி பழையது: காசு சேரும்வரை நாலு இடம் போய்வருவதைத் தள்ளிப்போடுவதா? போரும் 2004 டிசம்பர் 26இன் கடல்கோளும் நகையையும் வீட்டையும் காணி உறுதியையும் கொண்டுபோன ஒரு மாவட்டத்தில், தள்ளிப்போடச் சொல்வது இலேசான காரியமல்ல.

பென்சன் கணக்குப் பார்த்தவர்

இத்துறைமுகத்தோடு தொடர்புள்ளவர்களில் இதற்கு மிக நெருங்கிய உதாரணம் ஆர்தர் சி. கிளார்க் (1917–2008). 1936இல் இலண்டனில் கல்விச் சபையில் பென்சன் கணக்குகளைச் சரிபார்க்கும் உத்தியோகத்தில் சேர்ந்தவர். மற்றவர்கள் இளைப்பாறும் கணக்கைப் பார்த்தபடியே தானும் இளைப்பாறியிருக்கலாம். போருக்குப் பின் எழுத்தைப் பிழைப்பாக்கிக்கொண்டு, 1956இல் இலங்கைக்குக் குடிவந்தார். இழுத்து வந்தது கடல். அந்த ஆண்டே மைக் வில்சனோடு சேர்ந்து கோணமாமலையடியில் சுழியோடியபோது, போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் செதுக்குத் தூண்களைக் கடலடியில் கண்டார். 1957இல் வந்த ‘த ரீஃப்ஸ் ஒஃப் தப்ரபேன்’ இந்தச் சுழியோட்டங்களில் பிறந்த புத்தகம்.

என்றாலும் அவரை இளைப்பாறியவர் என்பது பொருந்தாது. கடைசிவரை எழுதினார், வேலையை விடாமல், அதைத் தனக்குப் பிடித்த கடற்கரைக்குத் தூக்கிவந்தார், அவ்வளவுதான். வருமானம் வெளிநாட்டுக் காசில், செலவு இலங்கைக் காசில் என்ற வித்தியாசம் அவருக்குக் கைகொடுத்தது.

அதே வித்தியாசத்தைத் தேடித்தான் மூதூரிலும் கிண்ணியாவிலும் இருந்து மத்திய கிழக்குக்குப் போகிறார்கள். ஆனால் அனுப்பும் காசு முதலில் ஏஜென்சிக் கடனுக்கு, பிறகு கல்வீட்டுக்கு, பிறகு தங்கச்சியின் கலியாணத்துக்கு. கண்ட வெளிநாடு பெரும்பாலும் வேலைத்தளமும் தங்குமிடமும்தான். இடையில் உம்றா செய்து வர வாய்த்தவர் பாக்கியசாலி.

சேமலாப நிதி

பிரிமா மாவாலை, டோக்கியோ சீமெந்து, உப்புவெளி ஹோட்டல்கள் போன்ற தனியார் துறையில் இருப்பவர்களுக்கு அடிப்படைச் சேமிப்பு, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த ஊழியர் சேமலாப நிதி. சம்பளத்தில் 8 வீதம் ஊழியர் போட, 12 வீதம் முதலாளி போடவேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு முதலாளி தனியே 3 வீதம். சிக்கல் வயதில் இருக்கிறது. பொதுவாக ஆண் 55இலும் பெண் 50இலும்தான் சேமலாபக் காசை முழுதாக எடுக்கலாம். பத்து ஆண்டு சேவையும் 3 இலட்சம் ரூபா மீதியும் இருந்தால், வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ 30 வீதம் முன்கூட்டிக் கிடைக்கும். ஆகவே நாற்பதில் வேலையை விட நினைப்பவர் இடைப்பட்ட ஆண்டுகளுக்கு வேறு சேமிப்பு வைத்திருக்க வேண்டும்.

அரச உத்தியோகத்தருக்கு 55இல் விரும்பி இளைப்பாற வழியுண்டு. கட்டாய வயது 2023 தொடக்கம் 60. பொருளாதார நெருக்கடி உச்சத்தில் இருந்த 2022 யூனில், ஐந்து ஆண்டுவரை சம்பளமற்ற லீவில் போய் வேறு தொழில் பார்க்கலாம், மூப்பும் பென்சனும் கெடாது என்று சுற்றறிக்கை வந்தது. டொலருக்காகச் செய்த ஏற்பாடுதான். என்றாலும் நடுவயதில் நீண்ட இடைவெளி எடுக்க அரச ஊழியருக்கு அது ஒரு வாசலைத் திறந்தது.

25 மடங்கு

ஆண்டுச் செலவின் 25 மடங்கைச் சேர்த்துவிட்டு, முதலாண்டில் அதில் 4 வீதத்தையும், பிறகு விலையேற்றத்துக்கு ஏற்பக் கூட்டியும் எடுக்கலாம் என்பது, அமெரிக்கச் சந்தைத் தரவுகளை வைத்து வில்லியம் பெங்கன் 1994இல் செய்த ஆய்விலிருந்து பிறந்த விதி. அவர் கணக்கிட்டது 30 ஆண்டு ஓய்வுக்கு. மாதம் ஒரு இலட்சம் செலவாகும் குடும்பத்தை எடுத்துக்கொண்டால் 3 கோடி ரூபா வேண்டும். 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதம். அந்த ஒரு ஆண்டு ஏற்றத்தைப் போட்டால், அதே சோறும் அதே மின்கட்டணமும் உள்ள வீட்டுக்கு இலக்கு 5 கோடியைத் தாண்டிவிடுகிறது. நிலையான வைப்பை மட்டும் நம்பியிருந்தவர்கள் ஓய்வு எட்டப் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாடையும் கச்சானும்

இங்கே ஆண்டை இரண்டாகப் பிரிப்பது காற்று. ஏப்ரல் முதல் செப்டெம்பர்வரை கடல் அமைதி: நிலாவெளியில் விருந்தினர், புறாத்தீவுக்குப் படகு, திமிங்கிலம் பார்க்கும் சவாரி. கச்சான் காற்று வீசும் அந்த மாதங்களில் மேற்குக் கடல் கொந்தளிப்பதால், நீர்கொழும்பு, சிலாபம் பக்க மீனவர்கள் படகும் வலையும் குடும்பமுமாக வந்து கரையில் வாடி அடிப்பார்கள். காட்டுக் கம்பும் கிடுகும் தகரமும் கொண்ட குடில்; உள்ளே அடுப்பு, பாய், ஒரு மூலையில் எஞ்சின். வாடைக்கு முன் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

உள்ளூர் விடுதிக்காரருக்கு வாடைக் காலம் கட்டாய ஓய்வு. வருமானம் இல்லை, நாட்கள் உண்டு. வாழ்க்கையின் கடைசியில் மொத்தமாக எடுக்கவேண்டிய ஓய்வைத் துண்டு துண்டாக ஆண்டுதோறும் எடுக்கும் முறை என்று இதைச் சொல்லலாம். பருவத்தில் சேர்த்ததைப் பருவத்திலேயே செலவழிக்காதவருக்கு மட்டும்.

பயணம்

சம்பளக்காரர் சேமிப்பில் கைவைக்காமல் ஊர் பார்க்க இரண்டு பழைய வழிகள் உள்ளன. ஒன்று, அரச ஊழியருக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் ரயில் வாரண்ட். திருகோணமலையில் ஏறினால் கல்லோயாச் சந்தி தாண்டிக் கொழும்புக்கும், அங்கிருந்து பதுளைக்கும் மாத்தறைக்கும் குடும்பத்தோடு போகலாம். மற்றது சீட்டு: பத்துப் பேர் மாதம் 10,000 கட்டினால், ஒவ்வொரு மாதமும் ஒருவர் கையில் ஒரு இலட்சம். இந்தியக் கோயில் யாத்திரைக்கென்றே கடைசிச் சீட்டைக் கேட்டு வைக்கும் பெண்கள் உண்டு. 2023 ஒக்டோபரில் தொடங்கி நின்று, 2024 ஓகஸ்டில் மீண்ட காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பல் இவர்களுக்குப் பறக்காமல் போக ஒரு வழி.

எல்லாவற்றிலும் மலிவு கதிர்காமப் பாதயாத்திரை. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு கிழக்குக் கரையோரம் வரும் அடியார்கள் திருகோணமலை, வெருகல் வழியாகத் தெற்கே போகிறார்கள். படுக்கை கோயில் மண்டபத்தில், சாப்பாடு வழியோரத்து அன்னதானத்தில். காசைவிட லீவுதான் முட்டுப்பாடு. நாள் குறைந்தவர்கள் உகந்தைவரை பஸ்ஸில் போய், குமண, யால காட்டுவழியை மட்டும் நடக்கிறார்கள்.