மிசிசிப்பியின் குடியியற் பாடம்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் வாக்காளராகப் பதிய விரும்புவோர், மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதிக்குப் பொருள்கூற வேண்டும் என்பது சட்டமாயிருந்தது. விடை சரியா, தவறா என்று தீர்ப்பவர் வெள்ளையரான பதிவாளர். 1964இல் அங்கு வாக்களிக்கும் வயதடைந்த கறுப்பின மக்களுள் நூற்றுக்கு எழுவர்கூடப் பதிவுபெற்றிருக்கவில்லை.

அவ்வாண்டுக் கோடையில், குடியுரிமை இயக்கத்தினர் நாற்பதுக்கு மேற்பட்ட ‘விடுதலைப் பாடசாலை’களைத் திறந்தனர். தேவாலயங்கள் பல எரியூட்டப்பட்டன. எனினும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் வந்து கற்றனர். பாடநூல்கள் மறைத்த தம் முன்னோர் வரலாற்றைப் படித்தனர். ஏட்டிலுள்ள உரிமை தம் ஊரில் எங்கே என வினவினர். 1965இல் நிறைவேறிய வாக்குரிமைச் சட்டம் அத்தகைய தேர்வுகளை நிறுத்தியது.

அரசியலமைப்பை மனனஞ் செய்விக்கும் ஆசிரியராகிய நாம் இதனைச் சிந்தித்தல் வேண்டும். அச்சட்டம் யாருக்கு மறுக்கப்பட்டது என்று கேட்கவும் மாணவருக்குக் கற்பிப்போமாக.