கிருமியின் உயிர்நிலை

தமிழர் இல்லங்களில் பாட்டிமார் சொல்லிவந்த கதைகளுள் ஒன்றில், வாளுக்கும் வேலுக்கும் மாளாத அரக்கன் ஒருவன் வருவான். அவன் உயிர் அவன் உடலில் இராது. ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளிக்குள் இருக்கும். அவ்விடத்தை அறிந்தவனே அரக்கனை வெல்வான். மனிதனை வாட்டும் ஒட்டுண்ணிக் கிருமிகளோடு அறிவியல் நடத்திவரும் போரும் இத்தகையதே. கிருமியின் உயிர்நிலை எங்குள்ளது எனத் தேடுவதே உயிர்வேதியியல் ஆய்வின் பணியாகும். மலேரியா மருந்துகளின் வரலாறு இதற்குத் தக்க சான்று பகரும்.

மலேரியாவைப் பொறுத்தவரை, கிருமியை அறிவதற்கு முன்பே மருந்து கிடைத்துவிட்டது. தென்னமெரிக்கச் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து கொய்னாவைப் பெல்லெத்தியே, காவெந்து என்னும் இரு பிரெஞ்சு அறிஞர்கள் 1820இல் பிரித்தெடுத்தனர். நோய்க்குக் காரணமான ஒட்டுண்ணியை லவெரான் அல்ஜீரியாவில் கண்டது 1880இல்தான். கொசுவின் உடலில் அது வளர்வதை ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டார்.

மலாயாவில் காடழித்து ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தபோது, நிழல் நீங்கி வெயில் பட்ட மலையோடைகளில் மலேரியாக் கொசுக்கள் பெருகின. கப்பலேறி வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் அக்காய்ச்சலுக்கு இரையாயினர். கிள்ளானில் 1901ஆம் ஆண்டு முதல் மருத்துவர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டிக் கொசுக்களை ஒடுக்கினார். தோட்டங்களில் கொய்னாவும் வழங்கப்பட்டது. கசப்பு மருந்தைக் கொடுத்தவரும் உண்டவரும் அதன் பயனை அறிவர்; அது கிருமியை எவ்வாறு கொல்கிறது என்பதை எவரும் அறியார்.

அறிய முற்பட்டோருள் தலையாயவர் ஜெர்மானிய அறிஞர் பவுல் எர்லிக். மெத்திலின் நீலம் என்னும் சாயம் மலேரியாக் கிருமியில் நன்கு பற்றுவதைக் கண்டு, 1891இல் அதனை நோயாளர் இருவருக்குக் கொடுத்துக் குணம் கண்டார். மனிதனை விடுத்துக் கிருமியை மட்டும் பற்றும் பொருளே மருந்தாகும் என்னும் கருத்து அவரால் வலுப்பெற்றது. ஆயினும் இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மலேரியா ஒட்டுண்ணியின் உயிரணு, பாக்டீரியாவைப் போலன்றி, உட்கருவோடு கூடியது. அமைப்பில் மனித உயிரணுவுக்கு நெருங்கியது. ஆகவே அதைக் கொல்லும் நஞ்சு நம்மையும் கொல்லக்கூடும். இரண்டுக்கும் உள்ள வேற்றுமையைக் கண்டாலன்றி வழியில்லை.

அவ்வேற்றுமைகளுள் ஒன்று ஃபோலிக் அமிலத்தில் வெளிப்பட்டது. உயிரணு பெருகுவதற்கு இவ்வமிலம் இன்றியமையாதது. மனிதன் கீரை முதலிய உணவிலிருந்து இதனைப் பெறுகிறான்; மலேரியாக் கிருமியோ தானே ஆக்கிக்கொள்ள வல்லது. ஆக்கிய பொருளைப் பயன்படும் வடிவுக்கு மாற்ற டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்னும் நொதி வேண்டும். இந்நொதி மனிதனிடமும் உண்டு, கிருமியிடமும் உண்டு. ஒரே கொல்லர் செய்த இரு பூட்டுகள்போல் ஒத்திருந்தும் உள்ளமைப்பில் சற்றே வேறுபட்டவை. அமெரிக்காவில் ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், கெர்ட்ரூட் எலியன் ஆகியோர் உருவாக்கிய பைரிமெத்தமின் என்னும் மருந்து 1950களில் பயனுக்கு வந்தது. எலிகளைத் தாக்கும் மலேரியாக் கிருமியின் நொதியைப் பிரித்தெடுத்து ஆய்ந்தபோது, பாலூட்டிகளின் நொதியைக் காட்டிலும் கிருமியின் நொதியை அம்மருந்து பன்மடங்கு இறுகப் பற்றுவது 1969இல் புலனாயிற்று. அவ்விருவரும் 1988இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர்.

இவ்வரலாற்றில் மலாயாவுக்கும் இடமுண்டு. 1942இல் ஜாவாத் தீவு ஜப்பானியர் கைக்குச் செல்லவே, உலகின் கொய்னா வரத்துப் பெரும்பாலும் தடைப்பட்டது. மாற்று மருந்து தேடிய பிரிட்டிஷ் வேதியியலார் 1945இல் புரோகுவானிலை வெளியிட்டனர். உடலினுள் உருமாறி, மேற்சொன்ன நொதியையே தாக்குவது அது. பெரிதும் நம்பப்பட்ட அம்மருந்துக்கு அடங்காத கிருமிகள் மலாயாவில் தோன்றிவிட்டதை எடிசன், ஃபீல்டு என்னும் இரு மருத்துவர்கள் 1950இல் அறிவித்தனர். இவர்களுள் ஃபீல்டு, கோலாலம்பூரில் 1900இல் நிறுவப்பெற்ற மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பணியாற்றியவர். குருதியில் மலேரியாக் கிருமியை விரைந்து காட்டும் சாயமுறையை 1941இல் வகுத்தளித்தவர்.

மருந்து ஏன் தோற்றது? அன்று விடையில்லை. அந்நொதி, அமினோ அமிலங்கள் மணிகளாய்க் கோத்த மாலை போன்றது. அதன் 108ஆம் இடத்தில் ஒரேயொரு மணி மாறினாலும் பைரிமெத்தமினின் பிடி தளர்ந்துவிடும் என்பது 1988இல் தெளிவாயிற்று. புரோகுவானிலின் தோல்விக்கும் அந்நொதியில் நேர்ந்த மாற்றங்களே காரணம் எனப் பின்னர் அறியப்பட்டது. கிளி கூடு மாறவில்லை; கூட்டின் பூட்டு மாறிவிட்டது.

இங்கு ஆய்வாளர் சோர்ந்துவிடவில்லை. தாய்லாந்து அறிஞர் யோங்யூத் யூதாவோங்கின் குழுவினர் 2003இல் அந்நொதியின் முப்பரிமாண வடிவத்தை வெளியிட்டனர். நொதி தன் இயல்பான வேலையைச் செய்வதற்கு மாற்றிக்கொள்ளவே இயலாத பகுதிகள் சில அதில் உண்டு. அவற்றை மட்டும் பற்றுமாறு பி-218 என்னும் சேர்மத்தை வடிவமைத்து 2012இல் அறிவித்தனர். அப்பிடியிலிருந்து தப்பக் கிருமி தன்னை மாற்றினால், தன் உயிர்த்தொழிலே கெடும் என்பது இதன் நுட்பம். மரப்பட்டையில் தற்செயலாய்க் கிட்டிய மருந்திலிருந்து, பகைவனின் பூட்டை அளந்து திறவுகோல் செய்யும் நிலைக்கு அறிவு வளர்ந்திருப்பதை மாணவர் ஈண்டு உணர்தல் வேண்டும்.

எனினும் போர் முடிந்தபாடில்லை. மனிதரிடையே பரவும் மலேரியா வகைகள், 2018இல் மலேசியாவுக்குள் எவருக்கும் உள்நாட்டில் தொற்றவில்லை. ஆனால் குரங்குகளிடம் வாழும் நோலசி என்னும் மலேரியாக் கிருமி, சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் மனிதர் பலரைத் தாக்கியிருப்பது 2004இல் வெளியான ஆய்வால் தெரியவந்தது. உருப்பெருக்கியின் கீழ் அது வேறொரு வகையாகவே எண்ணப்பட்டு வந்தது. காடு திருத்துவோரும் தோட்டத்தில் உழைப்போரும் இன்றும் அதன் வாயிலில் நிற்கின்றனர்.

நோயோடு நோயின் மூலத்தையும் ஆராய்க என்று வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் வலியுறுத்தினார். மூலத்தை அறிந்தபின் அதன் உயிர்நிலையை அறிவதும், அந்நிலை மாறுந்தோறும் விழித்திருப்பதும் இக்காலத்தின் கடமையாகும். மருந்து குணப்படுத்தினால் போதும் என்று நின்றுவிடாமல், “ஏன் குணப்படுத்துகிறது?” என்று வினவியவர்களே, அது தோற்ற நாளில் அடுத்த வழியைக் காட்டினர். தோட்டத்து மண்ணில் பெயரின்றிப் புதையுண்ட முன்னோரின் வழித்தோன்றல்களுள் சிலரேனும் அவ்வினாவை ஆய்வுக்கூடத்தில் எழுப்புவாராயின், அதுவே அவர்களுக்குச் செய்யும் மெய்யான அஞ்சலியாகும்.