மத்தியதரைக் கடலும் நாடாளுமன்றங்களின் கேள்வியும்



நாடுகளுக்கு இடையிலான உறவு என்றதும் தூதர்களும், வெளியுறவு அமைச்சர்களும், மூடிய அறைப் பேச்சுவார்த்தைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. இவற்றுக்குப் பக்கத்திலேயே இன்னொரு தடமும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பல நாடுகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஓர் அவையில் கூடி, தம் அரசுகள் பேசத் தயங்குவதைப் பேசுகிறார்கள். இதையே நாடாளுமன்ற இராஜதந்திரம் என்கின்றனர். இங்கிலாந்தின் வில்லியம் ராண்டல் கிரீமர், பிரான்சின் பிரடெரிக் பாஸி ஆகிய இருவரின் முயற்சியால் 1889ல் பாரிசில் உருவான 'நாடாளுமன்றங்களுக்கு இடையேயான ஒன்றியம்' இதன் முன்னோடி. இன்று 180க்கும் மேற்பட்ட நாடாளுமன்றங்கள் அதில் உறுப்பு வகிக்கின்றன.

இக்கூட்டங்களை மக்கள் வரிப்பணத்தில் நடக்கும் சுற்றுலா என்று கேலி செய்வோர் உண்டு. அந்தக் கேலியை முற்றிலும் பொய் என்று நாமும் சொல்லமாட்டோம். வழவழவென்ற தீர்மானங்கள் எத்தனையோ நிறைவேறி, கோப்புகளில் உறங்குகின்றன. ஆயினும், பாதுகாப்பும் அகதிகளும் ஒரே கடலில் மோதிக்கொண்ட ஒரு நிகழ்வில், இந்த அவைகளில் ஒன்று என்ன செய்தது, எதைச் செய்ய இயலவில்லை என்று அறிந்துகொள்வது பயனுள்ளது.

அந்த அவை, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் கூடும் ஐரோப்பிய அவையின் நாடாளுமன்றப் பேரவை. இதனை ஐரோப்பிய ஒன்றியத்தின் நாடாளுமன்றத்தோடு பலரும் குழப்பிக்கொள்கின்றனர். ஐரோப்பிய அவை 1949ல் தொடங்கப்பட்ட தனி அமைப்பு. 2022ல் இரஷ்யா வெளியேற்றப்பட்டபின் அதில் 46 நாடுகள் உள்ளன. பேரவையின் உறுப்பினர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு நாட்டு நாடாளுமன்றமும் தன் உறுப்பினர்களை அனுப்புகிறது. ஆளும் கட்சியினரை மட்டும் அனுப்ப இயலாது, எதிர்க்கட்சிகளுக்கும் இடம் தரவேண்டும் என்பது விதி. மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றத்தின் நீதிபதிகளைத் தேர்ந்தெடுப்பதும் இப்பேரவையே. ஆனால் எந்த அரசுக்கும் ஆணையிடும் அதிகாரம் அதற்கு இல்லை. கேட்கலாம், விசாரிக்கலாம், பரிந்துரைக்கலாம்.

2011 பிப்ரவரியில் லிபியாவில் போர் மூண்டது. ஐ.நா. பாதுகாப்பு அவையின் தீர்மானத்தைத் தொடர்ந்து, நேட்டோ கூட்டமைப்பின் போர்க்கப்பல்களும் விமானங்களும் அக்கடற்பகுதி முழுவதையும் கண்காணித்துக்கொண்டிருந்தன. அவ்வேளையில், மார்ச் 26ஆம் தேதி நள்ளிரவையொட்டி, திரிப்போலியிலிருந்து ஒரு ரப்பர் படகு இத்தாலியை நோக்கிப் புறப்பட்டது. அதில் 50 ஆண்களும் 20 பெண்களும் இரு பச்சிளங்குழந்தைகளுமாக 72 பேர் இருந்தனர். எத்தியோப்பியா, எரித்ரியா, நைஜீரியா, கானா, சூடான் ஆகிய நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

எரிபொருள் குறைந்து ஆபத்து நெருங்கியபோது, படகிலிருந்து செயற்கைக்கோள் தொலைபேசி வழியாக அவர்கள் அழைத்தது ஓர் அருள்பணியாளரை. உரோமையில் வாழ்ந்துவந்த எரித்ரிய நாட்டவரான அருள்தந்தை முசி சேராய் அவர்கள், உடனே இத்தாலியக் கடலோரக் காவல் படைக்குத் தெரிவித்தார். படகு இருந்த இடம் கண்டறியப்பட்டு, அப்பகுதிக் கப்பல்களுக்கெல்லாம் அபாயச் செய்தி அனுப்பப்பட்டது. நேட்டோவுக்கும் தகவல் சென்றது. ஒரு இராணுவ ஹெலிகாப்டர் படகின் மேல் வந்து, தண்ணீரும் பிஸ்கட்டும் இறக்கிவிட்டு, திரும்பி வருவதாகச் சைகை காட்டிச் சென்றது. திரும்பி வரவில்லை. எரிபொருள் தீர்ந்து படகு கடலில் மிதந்துகொண்டிருக்க, மனிதர்கள் ஒவ்வொருவராக இறந்தனர். பத்தாம் நாளளவில் பெரிய போர்க்கப்பல் ஒன்று அருகே வந்தது என்றும், இறந்த குழந்தைகளின் உடலைத் தூக்கிக் காட்டியும் அது விலகிச் சென்றது என்றும் உயிர் பிழைத்தோர் கூறினர். ஏப்ரல் 10ஆம் தேதி, லிபியாவின் ஸ்லிட்டன் அருகே அலைகள் அப்படகைக் கரையில் ஒதுக்கின. அப்போது உயிரோடிருந்த 11 பேரில் இருவர் விரைவில் இறந்தனர். மொத்தம் 63 உயிர்கள்.

மே மாதம் இச்செய்தி நாளிதழில் வெளிவந்ததும், பேரவையின் அன்றைய தலைவர் மெவ்லுத் சாவுஷோக்லு விசாரணை கோரினார். அப்பணி, ஹாலந்து நாட்டு மேலவை உறுப்பினர் டீனெக்கே ஸ்ட்ரிக் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒன்பது மாதம் அவர் உழைத்தார். உயிர் பிழைத்தோரின் சாட்சியங்களைத் திரட்டினார். காற்றையும் நீரோட்டத்தையும் கணக்கிட்டுப் படகு மிதந்த பாதையை வரைந்த இலண்டன் ஆய்வாளர்களின் உதவியையும் பெற்றார். நேட்டோவுக்கும் உறுப்பு நாடுகளின் பாதுகாப்பு அமைச்சகங்களுக்கும் கடிதம் எழுதினார். நாம் கவனிக்க வேண்டிய இடம் இது. ஓர் அரசு இன்னோர் அரசிடம், அதுவும் போரில் தன் கூட்டாளியாக உள்ள அரசிடம், 'உன் கப்பல் அன்று எங்கே இருந்தது?' என்று வெளிப்படையாகக் கேட்பதில்லை. எந்த அமைச்சகத்துக்கும் கட்டுப்படாத ஒரு நாடாளுமன்ற உறுப்பினரால் கேட்க முடிந்தது.

2012 ஏப்ரல் 24ஆம் தேதி பேரவை அவரது அறிக்கையை ஏற்றுக்கொண்டது. மத்தியதரைக் கடலில் இழந்த உயிர்களுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியே அதன் தலைப்பு. போரில் நிலைகுலைந்த லிபியா தன் கடற்பகுதியில் மீட்புப் பணி செய்ய இயலாது என்று தெரிந்திருந்தும், மற்றவர் யாரும் அப்பொறுப்பை ஏற்கவில்லை. இத்தாலி செய்தி அனுப்பியதே தவிர, மீட்பை உறுதிசெய்யவில்லை. நேட்டோ அபாய அழைப்புக்குச் செவிசாய்க்கவில்லை. நேட்டோவின் கீழ் இயங்கிய ஒரு ஸ்பெயின் போர்க்கப்பல் 11 மைல் தொலைவிலேயே இருந்தது என்றும் அறிக்கை கூறியது. ஸ்பெயின் அரசு குற்றச்சாட்டை மறுத்தது. மீட்கப்பட்டோரை எந்தத் துறைமுகத்தில் இறக்குவது என்பதில் இத்தாலிக்கும் மால்ட்டாவுக்கும் நிலவிய நீண்ட பிணக்கையும் அறிக்கை சுட்டியது. ஒருவர் பொறுப்பை மற்றவர்மேல் தள்ள, இடையில் மனிதர் சாகின்றனர்.

இதற்கு இரு மாதங்களுக்கு முன், 2012 பிப்ரவரி 23 அன்று, மனித உரிமைகளுக்கான ஐரோப்பிய நீதிமன்றம் இத்தாலிக்கு எதிராகத் தீர்ப்பளித்திருந்தது. 2009ல் நடுக்கடலில் தடுக்கப்பட்ட சோமாலியர், எரித்ரியரை லிபியாவுக்கே திருப்பியனுப்பியது தவறு என்பது அத்தீர்ப்பு. நீதிமன்றத் தீர்ப்பு அரசைக் கட்டுப்படுத்தும், பேரவையின் அறிக்கை கட்டுப்படுத்தாது. எனினும் அறிக்கையின் பயன் வேறொரு வழியில் வருகிறது. ஸ்ட்ராஸ்பூர்க்கில் வாக்களித்த உறுப்பினர் ஊர் திரும்பியதும், தம் நாடாளுமன்றத்தில் அதே கேள்வியைத் தம் அமைச்சரிடம் கேட்கலாம். பாதிக்கப்பட்டோர் நீதிமன்றம் செல்லவும் அது சான்றாகிறது. உயிர் பிழைத்தோர் சிலர், பிரான்ஸ், ஸ்பெயின் உள்ளிட்ட நாடுகளில் பின்னர் புகார் அளித்தனர்.

2013 ஜூலை 8ஆம் தேதி, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் லாம்பெதூசா தீவில் திருப்பலி நிறைவேற்றியபோது, இவர்களின் இரத்தத்திற்கு யார் பொறுப்பு என்று கேட்டு, யாருமில்லை என்பதே நம் பதிலாக இருக்கிறது என வருந்தினார். அறிக்கையின் கேள்வியும் அதுவே. மூன்றே மாதத்தில், அக்டோபர் 3 அன்று, அதே தீவின் அருகே 360க்கும் மேற்பட்டோர் மூழ்கி இறந்தனர். அதன்பின்னரே இத்தாலி 'மாரே நோஸ்த்ரும்' என்ற பெரும் மீட்புத் திட்டத்தைத் தொடங்கி, ஓராண்டில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்டோரைக் காப்பாற்றியது. செலவும் அரசியலும் அத்திட்டத்தை 2014ல் முடித்துவைத்தன. 2017ல் இத்தாலி லிபியாவோடு உடன்பாடு செய்து, தடுக்கும் வேலையை லிபியக் கடலோரக் காவல் படையிடமே கொடுத்தது. பேரவையில் பேசப்பட்டதும் தலைநகரங்களில் முடிவானதும் ஒன்றல்ல. 2014 முதல் மத்தியதரைக் கடலில் இறந்தோர், காணாமற்போனோர் எண்ணிக்கை 30,000ஐத் தாண்டிவிட்டதாக, புலம்பெயர்வுக்கான பன்னாட்டு அமைப்பு கணக்கிட்டுள்ளது.

ஸ்ட்ரிக் அவர்கள் விடவில்லை. 2014 ஜூனில் இரண்டாம் அறிக்கையைப் பேரவையின் முன் வைத்தார். முதல் அறிக்கைக்கு நாடுகளும் நேட்டோவும் என்ன பதில் சொன்னார்கள் என்பதே அதன் பொருள். கிடைத்த பதில்கள் போதுமானவை அல்ல என்று அதில் பதிவானது. 2019 முதல் அவர் ஐரோப்பிய ஒன்றியத்தின் நாடாளுமன்றத்தில் உறுப்பினராக இருந்து, எல்லைகளில் அகதிகள் நடத்தப்படும் விதம் குறித்துத் தொடர்ந்து கேட்டுவருகிறார். தண்ணீரும் பிஸ்கட்டும் இறக்கிய அந்த ஹெலிகாப்டர் தன்னுடையது என்று எந்த அரசும் ஒப்புக்கொண்டதில்லை.