நாம் வாழும் பல்லாவரம்: கல்லும் நீரும்



இரயில் நிலையம், ஜி.எஸ்.டி. சாலை, வெள்ளிக்கிழமைச் சந்தை ஆகியவற்றைக் கொண்ட ஒரு புறநகராகவே பல்லாவரத்தை நம்மில் பலர் அறிந்திருக்கிறோம். நம் காலடியிலுள்ள கல்லும் நீரும் கூறும் வரலாறோ மிக நீண்டது.

1863 மே 30 அன்று, புவியியல் ஆய்வுத் துறையைச் சார்ந்த இராபர்ட் புரூஸ் பூட், பல்லாவரத்தில் கற்கோடரி ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதை உலகம் அறிய வழிவகுத்தது அக்கண்டுபிடிப்பே.

ஊரின் குன்றுகளும் புகழ் பெற்றவை. கல்கத்தாவில் 1693-இல் மறைந்த ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இப்பகுதியிலிருந்து சென்றதாகக் கருதப்படுகிறது. அக்கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, அவ்வகைப் பாறைக்குச் 'சார்னோகைட்' எனப் பெயரிட்டார். அதே பாறையில்தான் ஏழாம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவரை ஒன்றைக் குடைவித்துத் தன் விருதுப் பெயர்களைப் பொறித்தான். பின்னாளில் அது தர்காவாயிற்று. மன்னனின் எழுத்தும் மக்களின் ஜியாரத்தும் ஒரே பாறையின் வரலாற்றில் இடம்பெற்றிருப்பது நாம் சிந்திக்கத்தக்கது. அருகிலுள்ள குன்றுகள் பலவோ கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் ஜல்லியாக உடைக்கப்பட்டுத் தேய்ந்துபோயின.

இனி நீரைப் பார்ப்போம். கடந்த நூற்றாண்டில் இங்குத் தோல் பதனிடும் தொழில் வளர்ந்தது. அண்டை ஊரான குரோம்பேட்டை, குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்றதே. அத்தொழில் எண்ணற்ற குடும்பங்களுக்கு, குறிப்பாக நம் சமுதாயத்தார் பலருக்கு, ஹலாலான வாழ்வாதாரமாக விளங்கியது. ஆயினும் சுத்திகரிக்கப்படாமல் வெளியேறிய கழிவுநீர், நாகல்கேணி சுற்றுவட்டாரத்தின் நிலத்தடி நீரை உப்பும் குரோமியமும் கலந்ததாக்கிற்று. 1990-களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்த பின்னரும், மண்ணில் முன்பே இறங்கியது எளிதில் நீங்கவில்லை. நன்மை தந்த தொழிலே தீங்கையும் விட்டுச் சென்றது என்பதை நாம் மறைத்தல் முறையன்று.

மழைநீரைத் தேக்கி நிலத்தடியை வளப்படுத்திய பெரிய ஏரியின் நிலையும் கவலைக்குரியதே. துரைப்பாக்கம் ரேடியல் சாலை அதனை இரண்டாகப் பிளந்து செல்கிறது. ஆண்டுக்கணக்கில் அதில் குப்பை கொட்டப்பட்டது, கழிவுநீரும் கலந்தது. நாம் ஒளூச் செய்யும் நீரும், நம் பிள்ளைகள் பருகும் நீரும் இம்மண்ணுக்குள்ளிருந்தே வருகின்றன என்பதை மறந்தவர்களாகவே நாம் இருந்துவிட்டோம்.

2021-இல் பல்லாவரம் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்தது. நிர்வாகம் மாறலாம், பொறுப்பு நம்முடையதே. 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு அமைப்பை ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்தில் தூர்வாரிப் பேணுவோமாக! ஏரிக்கரையில் ஒரு பிடி குப்பையும் இடாதிருப்போமாக!

உடைந்த குன்றை மீண்டும் எழுப்ப நம்மால் இயலாது. எஞ்சிய நீரைக் காக்க இயலும். அந்த அமானிதத்தைப் பேணி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க வல்ல இறைவன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.