யார் பேரில் மனை?

எங்கப்பா செத்துப் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச கையோடு பெரியப்பா எங்கம்மாவிடம் கேட்டார்: "இது என் தம்பி இருந்த வீடு. ஒனக்கு இதுல என்ன பாத்தியதை?"

கம்பம் பக்கத்தில், வாய்க்கால் கரைப் புறம்போக்கில் நின்ற ஒத்தை அறை அது. பட்டா அப்பா பேரிலும் இல்லை, பெரியப்பா பேரிலும் இல்லை. யாருக்குமே பட்டா இல்லாத வீட்டிலிருந்துதான் அம்மா வெளியேற்றப்பட்டாள். நான் மூன்றாம் வகுப்பு. தம்பி இடுப்பில்.

அம்மா விடியக்காலம் ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போனாள். அப்புறம் தோட்டத்து லயத்திலேயே தங்கிவிட்டாள். நான் ஆதிதிராவிடர் நல விடுதியில், தம்பி அம்மாச்சியிடம். மூன்று பேருக்கு மூன்று கூரை, ஒன்றும் எங்களுடையதில்லை. ஆனாலும் "வீடற்றவர்" என்று எந்தக் கணக்கிலும் நாங்கள் வரவில்லை. பஸ் ஸ்டாண்டில் படுத்திருந்தால் ஒருவேளை வந்திருப்போம். நம் சேரிகளில் வீடிழந்த தாய்மார் இப்படித்தான் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள். அக்கா வீட்டுத் திண்ணை, முதலாளி தோட்டத்து லயம், பிள்ளைக்கு விடுதி.

இது எங்கம்மா ஒருத்தியின் கதையில்லை. இதன் வேர் பழசு.

1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் பறையர் நிலைமை பற்றி அறிக்கை எழுதினார். உழுகிற நிலம் மட்டுமல்ல, குடியிருக்கும் மனையும் மிராசுதார் பிடியில் இருந்ததை அவர் கண்டார். எதிர்த்துப் பேசினால் வீட்டைவிட்டுத் துரத்தலாம். அடிமைத்தனத்தின் ஆணிவேர் அங்கேதான். அதன்பின் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. 1920களில் தொழிலாளர் துறை நிலம் வாங்கி மனை பிரித்துக் கொடுத்தது. 1971இல் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்து, பண்ணையார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயக் கூலிகளுக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது. 1978இல் தாழ்த்தப்பட்டோர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுக்கத் தனிச் சட்டம் வந்தது. நிலச் சொந்தக்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1994இல்தான் உச்சநீதிமன்றம், நட்ட ஈட்டைத் தவணையில் கொடுக்கும் பகுதி நீங்கலாக, அச்சட்டம் செல்லும் என்றது.

ஒவ்வொன்றும் போராடிப் பெற்றதுதான். மறுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. ஆண்டையிடமிருந்து பிடுங்கிய மனை யார் பேரில் ஏறியது? பெரும்பாலும் 'குடும்பத் தலைவன்' பேரில். சேரிக்குக் கிடைத்த மனை சேரிப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. ஊர்க்காரன் துரத்தியபோது நாம் கூட்டம் போட்டோம். கொழுந்தனும் மாமனாரும் துரத்தும்போது, "அது குடும்ப விசயம்" என்று வாய் மூடிக்கொண்டோம். எங்கள் பெரியப்பாவும் செங்கொடி பிடித்தவர்தான்.

1895இல் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தது. இங்கே இருபோக நெல் வயல் 14,707 ஏக்கர் என்று எந்த விவசாயியைக் கேட்டாலும் சொல்வார். அந்த வயலில் நாற்று நட்டவள் நின்ற மூன்று சென்டுக்கு யார் கணக்கு வைத்தார்?

அரசுக்கு இது தெரியாமல் இல்லை. 1985இல் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மீட்கப்பட்ட கொத்தடிமைகளுக்காக இந்திரா வீட்டு வசதித் திட்டம் தொடங்கியது. அதன் விதிகள், வீட்டைப் பெண் பேரிலோ கணவன் மனைவி இருவர் பேரிலோ கொடுக்கச் சொல்லின. நல்ல விதி. ஆனால் எங்கம்மா மனுவோடு போன அலுவலகத்தில் கேட்டது ஒரே கேள்விதான்: "பட்டா இருக்கா?" வீடு கட்டக் காசு உண்டு, அதை நிறுத்த மண் வேண்டும். 2016இல் அதன் இடத்துக்கு வந்த பிரதமர் வீட்டுத் திட்டத்தில், நிலமில்லாதவருக்கு மாநில அரசு நிலம் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறது. 2024இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் தருகிறது. அதற்கும் சொந்த மனை வேண்டும். மனை இல்லாதவள் எந்தக் கனவில் கட்டுவாள்?

மற்ற உதவிகளைப் பாருங்கள். 1975இல் விதவை உதவித்தொகை வந்தது. கைவிடப்பட்ட மனைவிக்கும் உதவித்தொகை உண்டு. ஆனால் குறைந்தது 5 ஆண்டு பிரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீதிமன்றத் தீர்ப்புக் காட்ட வேண்டும். 2015இல் வந்த ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தங்குவது பொதுவாக 5 நாள். ஐந்து வருசக் காத்திருப்புக்கு ஐந்து நாள் கூரை. வளர்ந்த மகன் இருந்தால் அவனைக் கூடக் கூட்டிப்போக முடியாது. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், தன் பேரில் இல்லாவிட்டாலும் வாழ்ந்த வீட்டில் இருக்கப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்கிறது. இதை எங்கம்மா காலத்தில் யாரும் சொல்லவில்லை, சட்டமே அப்போது இல்லை. இன்றைக்கு இருக்கிறது. நம் கூட்டங்களில் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

வேறு வழியே இல்லையா? இருக்கிறது. நமக்குப் பக்கத்து வத்தலக்குண்டு வட்டாரத்தில் ஒரு தலித் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், 1968இல் வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்ட பிறகு கீழத்தஞ்சைக்குப் போனார். 1981இல் லாப்டி அமைப்பைத் தொடங்கி, நிலச் சொந்தக்காரர்களிடம் பேரம் பேசி, கடன் வாங்கி, நிலத்தைப் பிரித்துப் பெண்கள் பேரில் பதிந்தார். அவருடைய காந்திய வழியில் நமக்கு விமர்சனம் இருக்கலாம். ஆனால் பத்திரத்தில் யார் பேர் என்ற விசயத்தில் நம் இயக்கங்களைவிட அவர் முந்திக்கொண்டார்.

ஆகவே கோரிக்கையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். முதலில் மனை, பிறகு வீடு. மீட்கும் பஞ்சமி நிலத்தில் முதல் பங்கு விதவைக்கும் கைவிடப்பட்டவளுக்கும் தனித்து வாழும் தாய்க்கும். பட்டா அவள் ஒருத்தி பேரில். இதைக் கலெக்டரிடம் கேட்பதற்கு முன், நம் தெருப் பஞ்சாயத்தில் கேட்க வேண்டும்.

அம்மாவுக்கு ஐம்பது வயசு தாண்டித்தான் இரண்டு சென்ட் பட்டா வந்தது. சுவர் இல்லை, கூரை இல்லை. அன்று ராத்திரி அந்த வெறும் மண்ணில் பாய் விரித்துப் படுத்தாள். "பனி விழுகுது, உள்ளே வா" என்று பக்கத்து வீட்டில் கூப்பிட்டார்கள்.

"இருக்கட்டும்த்தா. இங்கன இருந்து எந்திரின்னு எவனும் சொல்லமாட்டான்ல."