ஏமன்: சுன்னி–ஷியா பகையும் அயல்நாட்டுப் படைகளும்

ஏமனில் 2014-இல் மூண்ட போர், சவூதி அரேபியாவின் சுன்னி அரசுக்கும் ஈரானின் ஷியா அரசுக்கும் இடையிலான பகையின் களமாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. அந்தப் பகை மெய்யானதுதான். ஏமனின் வரலாற்றை அது தனியே விளக்கிவிடாது. இரு பிரிவினரும் அந்நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அருகருகே வாழ்ந்தவர்கள். வெளியிலிருந்து வந்த அரசுகள் எந்தப் பிரிவின் பக்கம் நின்றன என்பதோ காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

வடக்கு மலைநாட்டில் வாழ்வோரில் பெரும்பாலோர் ஸைதி ஷியாக்கள். நபிகள் நாயகத்தின் பேரரான ஹுசைனின் பேரர் ஸைத் இப்னு அலி, 740-இல் கூஃபா நகரில் உமையா ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்து உயிர்நீத்தார். அவர் பெயரால் அமைந்த பிரிவு இது. ஈரானின் அரச சமயமான பன்னிரு இமாம் நெறியிலிருந்து ஸைதிகள் வெகுவாக விலகியவர்கள். மறைந்த இமாம் ஒருவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இல்லை. சட்டநெறியில் சுன்னிகளுக்கு மிக நெருங்கியவர்கள். தெற்கிலும், தாயிஸ் வட்டாரத்திலும், செங்கடல் கரையான திஹாமாவிலும் வாழும் சுன்னிகள் ஷாஃபி மத்ஹபு என்னும் சட்டநெறியைப் பின்பற்றுவோர். காயல்பட்டினம், கீழக்கரை ஊர்களிலும் இலங்கை முஸ்லிம்களிடையேயும் வழங்கும் மத்ஹபு அதுவே. இரு சாராரும் ஒரே பள்ளிவாசலில் சேர்ந்து தொழுவது ஏமனில் இயல்பாக இருந்தது.

சஅதா நகரில் அல்ஹாதி யஹ்யா 897-இல் தொடங்கிய ஸைதி இமாம் ஆட்சி, இடையிடையே அறுபட்டாலும், 1962 வரை நீடித்தது. இமாம் பதவி நபியின் வழித்தோன்றல்களான சையிது குடும்பங்களுக்கே உரியதாக இருந்தது. பிற்காலப் பூசல்களில், சுன்னி–ஷியா வேறுபாட்டைப் போலவே, சையிதுகளுக்கும் மற்றவர்களுக்கும் இருந்த இந்த ஏற்றத்தாழ்வும் பெரும்பங்கு வகித்தது. உதுமானியர் இரண்டு முறை வந்து ஆண்டு திரும்பினர். பிரிட்டன் 1839-இல் ஏடன் துறைமுகத்தைக் கைப்பற்றி 1967 வரை வைத்திருந்தது. 1934-இல் சவூதி அரேபியாவுடன் நடந்த போரில் தோற்ற இமாம் யஹ்யா, அசீர், ஜிஸான், நஜ்ரான் பகுதிகள் மீதான உரிமையை தாயிஃப் உடன்படிக்கையின்படி விட்டுக்கொடுத்தார்.

அயல்படைத் தலையீட்டின் பெரிய அத்தியாயம் 1962 செப்டம்பர் 26-இல் தொடங்குகிறது. அன்று அப்துல்லா அல்சல்லால் தலைமையிலான படை அதிகாரிகள், ஆட்சிக்கு வந்து ஒரு வாரமே ஆகியிருந்த இமாம் முகம்மது அல்பத்ரைக் கவிழ்த்துக் குடியரசை அறிவித்தனர். தப்பிய இமாம் மலைக்குடிகளைத் திரட்டினார். எகிப்தின் கமால் அப்துல் நாசர் குடியரசுக்குத் துணையாகப் படை அனுப்பினார். உச்சகட்டத்தில் அங்கிருந்த எகிப்திய வீரர்கள் சுமார் 70,000 பேர். இமாமுக்குப் பணமும் ஆயுதமும் கொடுத்தது சவூதி அரேபியா. ஒரு ஷியா இமாமின் அரியணையைக் காக்க, வஹ்ஹாபி என்னும் கடும் சுன்னி நெறியைப் பின்பற்றும் அரசு முன்வந்தது. எதிரே நின்றதும் சுன்னி நாடான எகிப்துதான். குடியரசின் தலைவரான சல்லாலோ ஸைதி குடும்பத்தில் பிறந்தவர். முடியாட்சிகளைக் கவிழ்க்கும் அலை தங்கள் எல்லைக்குள் நுழைந்துவிடுமோ என்ற அச்சமே அன்று சவூதித் தலைநகர் ரியாதை இயக்கியது. மலைக் கிராமங்கள் மீது எகிப்திய விமானங்கள் நச்சுவாயுக் குண்டுகளையும் வீசின. 1967 ஜூன் போரில் இஸ்ரேலிடம் தோற்ற நாசர், அதே ஆண்டு கார்ட்டூம் மாநாட்டில் படைகளைத் திரும்பப் பெற இசைந்தார். 1970-இல் சவூதி அரேபியா குடியரசை ஏற்றுக்கொண்டது.

தெற்கில் பிரிட்டன் வெளியேறியபின் அமைந்த மார்க்சிய அரசு 1990 மே 22-இல் வடக்குடன் இணைந்தது. ஒன்றுபட்ட ஏமனின் தலைவரான அலி அப்துல்லா சாலேயும் பிறப்பால் ஸைதியே. அதே ஆண்டு, ஈராக் மீது படை நடத்த இசைவளித்த ஐ.நா. பாதுகாப்பு அவைத் தீர்மானத்தை ஏமன் எதிர்த்து வாக்களித்தது. ஏமனின் இந்த நிலைப்பாட்டால், சவூதி அரேபியாவில் பிழைத்துவந்த ஏமன் தொழிலாளர் இலட்சக்கணக்கில் ஊர்திரும்ப நேர்ந்தது. அந்த அடியிலிருந்து ஏமன் எளிதில் மீளவில்லை.

பிரிவுப் பகை கூர்மை அடைந்த இடம் சஅதா. 1980-களில், ஸைதிகளின் இதயமான அந்த மாவட்டத்தின் தம்மாஜ் என்ற ஊரில், சவூதியில் பயின்ற முக்பில் அல்வாதியீ நடத்திய, கடும் சுன்னி நெறியான சலஃபி கல்விநிலையம் வளர்ந்தது. ஸைதி நெறி தன் மண்ணிலேயே தேய்ந்துபோகும் என்ற கவலை பரவியது. அதற்கு எதிர்வினையாக 1990-களின் தொடக்கத்தில் ‘நம்பிக்கை கொண்ட இளைஞர்’ என்ற இயக்கம் உருவானது. அதிலிருந்து எழுந்தவர் சையிது குலத்தவரான ஹுசைன் அல்ஹூதி. அவர் 2004-இல் அரசுப் படையால் கொல்லப்பட்டார்; அவருடைய தம்பி அப்துல் மலிக் தலைமையில் ஹூதி இயக்கம் வலுப்பெற்றது. 2010-க்குள் சாலேயின் அரசு அவர்களோடு ஆறு முறை போரிட்டது. 2009 நவம்பரில் சவூதி விமானங்களும் எல்லையோரம் குண்டு வீசின.

2011 எழுச்சியால் பதவி இழந்த சாலே, தாம் வேட்டையாடிய ஹூதிகளோடே கைகோத்தார். அவருக்கு விசுவாசமான படைப்பிரிவுகளின் துணையோடு ஹூதிகள் 2014 செப்டம்பர் 21-இல் தலைநகர் சனாவைக் கைப்பற்றினர். அதிபர் மன்சூர் ஹாதி ஏடனுக்கும் பின்னர் ரியாதுக்கும் தப்பினார். 2015 மார்ச் 26-இல் சவூதி தலைமையிலான கூட்டணி வான்தாக்குதலைத் தொடங்கியது. ஐக்கிய அரபு அமீரகம், எகிப்து, ஜோர்டான், சூடான் முதலிய நாடுகள் அதில் இணைந்தன. அமெரிக்காவும் பிரிட்டனும் ஆயுதமும் உளவுத் தகவலும் வழங்கின. ஓமன் விலகி நின்றது. சுன்னிகள் பெரும்பான்மையான பாகிஸ்தானின் நாடாளுமன்றம் நடுநிலை காக்கத் தீர்மானித்தது.

போருக்கு முன் ஹூதிகளுக்கு ஈரான் தந்த உதவி சிறிது. போர் நீள நீளவே அது பெருகியது. சவூதி மீது ஏவப்பட்ட ஏவுகணைகளில் ஈரானியப் பாகங்கள் இருந்ததை ஐ.நா. வல்லுநர் குழு 2018-இல் உறுதிசெய்தது. ஈரானைத் தடுக்க என்று தொடங்கிய போரே ஈரானுக்கு அங்கே வேரூன்ற இடம் கொடுத்தது. கூட்டணிக்குள்ளும் ஒற்றுமை இல்லை: 2019-இல் அமீரகம் வளர்த்த தெற்குப் பிரிவினைவாதிகள், சவூதி ஆதரித்த அரசின் படைகளை ஏடனிலிருந்து துரத்தினர். சாலே 2017 டிசம்பரில் மீண்டும் அணிமாற முயன்றபோது ஹூதிகளின் கையாலேயே இறந்தார்.

விலை கொடுத்தவர்கள் பொதுமக்கள். 2016 அக்டோபரில் சனாவில் ஓர் இறுதிச்சடங்கு மண்டபத்தின் மீது விழுந்த கூட்டணியின் குண்டுகள் 140-க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. ஹூதிகள் தாயிஸ் நகரை முற்றுகையிட்டுப் பல ஆண்டுகள் குண்டுமாரி பொழிந்தனர். வயல்களிலும் பாதைகளிலும் கண்ணிவெடிகளைப் புதைத்தனர். துறைமுகங்கள் முடங்கி உணவும் மருந்தும் குறைந்தன. 2017-இல் காலராவால் பாதிக்கப்பட்டோராகக் கருதப்பட்டவர்கள் பத்து இலட்சத்துக்கு மேல். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் கணிப்புப்படி 2021 இறுதிவரை இப்போரால் மாண்டோர் 3,77,000 பேர். அவர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் பசியாலும் நோயாலும் இறந்தவர்கள்.

2022 ஏப்ரலில் ஐ.நா. முயற்சியால் போர்நிறுத்தம் வந்தது. 2023 மார்ச்சில் சவூதியும் ஈரானும் பெய்ஜிங்கில் தூதரக உறவைப் புதுப்பித்தன. அடுத்த மாதம் சவூதித் தூதுக்குழு சனாவுக்கே சென்றது. அங்கே பேசப்பட்டவை அரசு ஊழியர் சம்பளம், ஹுதைதா துறைமுகம், சனா விமான நிலையம், அயல்படைகள் வெளியேறுவது ஆகியவை. சமயக் கொள்கை எதுவும் அந்தப் பேச்சில் இடம்பெறவில்லை. காசா போர் மூண்டபின், 2023 நவம்பர் முதல், சுன்னிகளான பாலஸ்தீனருக்கு ஆதரவு என்று கூறி ஹூதிகள் செங்கடல் கப்பல்களைத் தாக்கினர். 2024 ஜனவரியில் அமெரிக்காவும் பிரிட்டனும், ஜூலையில் இஸ்ரேலும் ஏமன் மீது குண்டு வீசின. சனாவில் பேசப்பட்ட சம்பளமும் துறைமுகமும் இந்தத் தாக்குதல்களுக்கு நடுவே தள்ளிப்போயின.