திண்ணையும் இரண்டு வாசல்களும்

திருப்பூரில் எனக்குத் தெரிந்த டீச்சர் அம்மாள் ஒருவர் இருக்கிறார். வீட்டு மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு, மாலை வேளைகளில் ஐம்பது அறுபது பிள்ளைகளுக்குக் கணக்கும் விஞ்ஞானமும் சொல்லிக் கொடுக்கிறார். எல்லாம் பனியன் கம்பெனிக்காரர்களின் பிள்ளைகள். கம்பெனிக்காரர்கள் என்றால் முதலாளிகள் அல்ல; ஓவர்லாக் ஓட்டுகிறவர்கள், கட்டிங் மேஜையில் நிற்கிறவர்கள், செக்கிங்கில் உட்கார்ந்து பிசிறு வெட்டும் தாய்மார்கள். அந்த அம்மாள் தம் வகுப்புக்கென்று ஓர் இணையதளம் அமைத்திருந்தார். "தமிழ் சரியா இருக்குதான்னு பார்த்துச் சொல்லுங்கண்ணா" என்று அழைத்தார். போனேன்.

அந்தத் தளத்துக்கு இரண்டு வாசல்கள். ஒன்று மாணவருக்கு, பாடமும் பயிற்சிக் கணக்கும் அங்கே இருக்கும். மற்றது பெற்றோருக்கு, பிள்ளை எத்தனை நாள் வந்தான், எத்தனை மதிப்பெண் வாங்கினான் என்பதோடு, பெற்றோர் கண்ணுக்கு மட்டுமென்று டீச்சர் எழுதும் குறிப்பும் அங்கே. ஒவ்வொரு வாசலுக்கும் தனித்தனிக் கடவுச்சொல். ஒருவர் பிள்ளையின் கணக்கை இன்னொருவர் பார்க்க முடியாது.

எனக்குக் கொஞ்சம் சரித்திரப் பைத்தியம் உண்டு. இதைப் பார்த்ததும் மனம் இருநூறு வருஷம் பின்னால் ஓடிவிட்டது.

1822இல் சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த ஸர் தாமஸ் மன்றோ, ஜில்லாவுக்கு ஜில்லா எத்தனை பள்ளிக்கூடங்கள், எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுக்கும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். 1826இல் அவர் எழுதிய குறிப்பில், ராஜதானி முழுவதற்கும் 12,498 பள்ளிகள் என்று காண்கிறது. திருப்பூர் அப்போது அடங்கியிருந்த கோயம்புத்தூர் ஜில்லாவில் மட்டும் 700க்கு மேல். இதைவிட வேடிக்கையான செய்தி ஒன்று அதில் உண்டு. சென்னைப் பட்டணத்தில் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளைப் போல் ஏறக்குறைய ஐந்து மடங்குப் பேர் வீட்டிலேயே பாடம் கேட்கிறார்கள் என்று கணக்கு வந்தது. மன்றோவுக்கே சந்தேகம், இதில் ஏதோ பிழை இருக்கலாம் என்று எழுதி வைத்தார். பிழை இருந்தால் இருக்கட்டும். டியூஷன் என்பது நேற்று மழைக்கு முளைத்த காளான் அல்ல என்பதற்கு இந்த அத்தாட்சி போதும்.

அந்தப் பள்ளிகளில் பெரும்பாலானவை நாம் திண்ணைப் பள்ளி என்று சொல்கிறவை. மணலில் விரலால் எழுத்து, பிறகு ஓலை, எண்சுவடி. உபாத்தியாயர் இல்லாத நேரத்தில் சட்டாம்பிள்ளையின் அதிகாரம். பாடம் முழுவதும் சத்தம்தான். ஒருவன் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லுவார்கள். ஏர் பூட்டிக்கொண்டு போகிற தகப்பனுக்கு, தன் மகன் வாய்பாட்டில் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறான் என்பது வீதியிலிருந்தே தெரிந்துவிடும். தகப்பனுக்கு எழுத்து தெரியவேண்டும் என்ற அவசியமில்லை. காது இருந்தால் போதும். நவராத்திரி வந்தால் பிள்ளைகள் உபாத்தியாயரோடு வீடு வீடாகப் பாடிக்கொண்டு போவார்கள். அதுதான் பெற்றோருக்குக் கிடைத்த ரிப்போர்ட்டு. உபாத்தியாயருக்குக் கிடைத்த வரும்படியும் அதுதான்.

சென்னை எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இப்படிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதை ஒரு 'மலபார்' பள்ளியில் பார்த்தார். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரையும் மலபார்க்காரர் என்றே அழைத்தார்கள். பிள்ளைக்குப் பிள்ளையே சொல்லிக் கொடுக்கும் முறையைத் தம் விடுதியில் வகுத்து, 1797இல் லண்டனில் புத்தகமாகவும் போட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளிலெல்லாம் பரவியது.

திண்ணையைப் புகழ்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். பெண் குழந்தைகள் அங்கே மிகச் சொற்பம். தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடமே இல்லை. இன்று மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் அன்று வீதியில்கூட நின்றிருக்க முடியாது. உள்ளே இருந்தவனுக்கும் சுகமில்லை. பாடம் வராதவனைக் கயிற்றில் தொங்கவிடும் 'கோதண்டம்' என்ற தண்டனை ஊர் பார்க்க நடந்தது. அறிவு எப்படிப் பகிரங்கமோ, அவமானமும் அப்படியே பகிரங்கம். நம் காலத்திலும் பரீட்சை முடிவுகள் பத்திரிகையில் எண் எண்ணாக வந்தன; தன் எண் இல்லாத பையன் கடைத் தெருவிலேயே அழுவதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் கொடுத்து, அவரவர் முடிவை அவரவர் பார்த்துக்கொள்கிறார்கள். 2017இலிருந்து தமிழ்நாட்டில் முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர்களை அறிவிப்பதும் நின்றுவிட்டது. பூட்டு வந்தது நல்லதுதான்.

ஆனால், பூட்டு என்று வந்தால் சாவி யாரிடம் என்ற கேள்வியும் வந்துவிடுகிறதே!

நான் ஒன்பதாம் வகுப்பில் ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தை நானே போட்டேன். இரண்டு நாள் பழகி, மூன்றாம் நாள் போட்டேன். பிடிபடவில்லை. இந்தக் குலத்துக்கு அயல்நாட்டிலும் ஆட்கள் உண்டு என்று பிற்பாடு படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரியில் ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டை பெர்னாண்டோ கார்பட்டோ என்பவர் செய்தார். ஒருவர் கோப்பை மற்றவர் பாராதிருக்க ஆளுக்கொரு கடவுச்சொல் வைத்தார். அடுத்த வருஷமே ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவர், தமக்குக் கிடைத்த நேரம் போதவில்லை என்று, எல்லோருடைய கடவுச்சொற்களையும் அந்த யந்திரத்தைக் கொண்டே அச்சடித்து எடுத்துக்கொண்டார். பல வருஷங்கள் கழித்து அவரே ஒப்புக்கொண்ட சங்கதி இது. கம்ப்யூட்டர் பூட்டை முதலில் திறந்தவர்களில் ஒருவர் மாணவர் என்பது எனக்கு ஆச்சரியமாக இல்லை.

தூரத்திலிருந்து டியூஷன் சொல்லும் தளங்களின் கதையும் ஒரு குடும்பத்தில்தான் முளைத்தது. 2004இல் பாஸ்டனில் இருந்த சல்மான் கான் (நடிகர் அல்ல, இவர் வேறு) நியூ ஆர்லியன்ஸில் இருந்த நாதியா என்ற உறவுச் சிறுமிக்குத் தொலைபேசியில் கணக்குச் சொல்லத் தொடங்கினார். பிறகு வேறு உறவுப் பிள்ளைகளும் சேரவே, கணக்குகளைத் தானே கொடுத்து, யார் எங்கே தவறினார்கள் என்று குறித்துவைக்கும் ஒரு சிறு தளத்தை எழுதினார். 2006இல் பாடங்களை யூடியூபில் போட்டார். 2008இல் அது ஒரு ஸ்தாபனமாகியது. சொல்லிக் கொடுத்தவர் உறவினராக இருந்ததால், சாவி யாரிடம் என்ற கேள்வி ஆரம்பத்தில் எழவே இல்லை.

நம் ஊரில் 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது பாடம் செல்போனுக்குள் புகுந்தது. 2021இல் சர்க்கார் 'இல்லம் தேடிக் கல்வி' என்று தன்னார்வலர்களை வீதிக்கு வீதி அனுப்பியது. திண்ணை திரும்பி வந்தது என்றே நான் நினைத்தேன். ஆனால் வீட்டுக்குள் புகுந்த போன் வெளியே போகவில்லை. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்த்துப் பெறவேண்டும் என்று 2023இல் நாடாளுமன்றம் சட்டமே இயற்றியிருக்கிறது. சரிபார்ப்பது எப்படி? போனுக்கு ஓர் எண் வரும்; அதைத் தட்டினால் பெற்றோர் என்று அர்த்தம்.

"போனு யாருகிட்டங்க இருக்கும்?" என்று கேட்டேன்.

டீச்சர் அம்மாள் சிரிக்கவில்லை. "பாதி வீட்டுக்கு மேல ஒரே போனுதானுங்கண்ணா. அம்மாவும் அப்பாவும் ஒன்றரை ஷிப்ட்டு முடிச்சு வரும்போது எட்டரை, ஒன்பது ஆயிடும். அதுவரைக்கும் பையன் கையிலதான்" என்றார்.

பிறகு ஒரு விஷயம் சொன்னார். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் சில நாட்களாக வரவில்லை. பக்கத்துப் பவர்டேபிளில் பீஸ் அடுக்கப் போகிறான் என்று காதில் விழுந்தது. பெற்றோர் வாசலில் குறிப்பு எழுதினார். அன்றிரவே பதில் வந்தது: "சரிங்க டீச்சர், நான் கவனிச்சுக்கிறேன்." தாய் எழுதியதென்றே இவர் நம்பினார். இரண்டு வாரம் கழித்துக் காய்கறிக் கடையில் அந்தத் தாயைப் பார்த்தபோதுதான், அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்பது வெளிப்பட்டது. தாய்க்கு எழுதப் படிக்கவும் தெரியாது. இரண்டு சாவியும் ஒரே கையில் இருந்திருக்கின்றன.

நான் போனது ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிகளுக்கு லீவு. பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தாய் மகனையும் இழுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தாள். டீச்சர் தம் போனில் பெற்றோர் வாசலைத் திறந்து, அவள் பக்கம் சாய்ந்து, மெல்லிய குரலில் படிக்கத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளின் காதில் விழக்கூடாதே என்ற கவலை அவருக்கு.

"நல்லாச் சத்தமாவே படிங்க டீச்சர்," என்றாள் அந்தத் தாய். "அவனும் கேக்கட்டும்."